நுரையீரல் அறுவைக்குப் பின் வீட்டில் வைக்க வேண்டிய கணக்கு

நுரையீரலில் தோன்றும் புற்றுநோய் ஆரம்ப நிலையிலேயே கண்டறியப்படுமாயின், அதனை அகற்றுவதற்கு அறுவைச் சிகிச்சையே இன்றும் முதன்மையான வழியாக இருந்து வருகிறது. நோயுற்ற பகுதியை நீக்கி, மார்பினுள் செருகிய குழாயையும் எடுத்தபின், பெரும்பாலான நோயாளிகள் ஏறக்குறைய ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பப்படுகின்றனர். சிறு துளைகளின் வழியே காமிராவைச் செலுத்திச் செய்யும் முறையில் இக்காலம் இன்னும் குறைவதுண்டு. ஆனால் உடல் தேறுவதோ ஒரு வாரத்தில் முடிகிற காரியமன்று. அதற்கு மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை செல்கின்றன. ஆகவே, தேறுதலின் பெரும்பகுதி வீட்டிலேயே நிகழ்கிறது.

ஆஸ்பத்திரியில் இருந்தவரையில் நாடி, சுவாசம், உஷ்ணம் ஆகியவற்றைத் தாதியர் சில மணி நேரத்துக்கு ஒருமுறை குறித்து வந்தனர். வீடு திரும்பிய அன்றே அந்தக் கணக்கு நின்றுவிடுகிறது. நம் நாட்டில் இதனால் விளையும் இடர் அதிகம். 1941ஆம் ஆண்டு மும்பையில் திறக்கப்பட்ட டாட்டா நினைவு ஆஸ்பத்திரி போன்ற பெரிய நிலையங்களுக்கு அஸ்ஸாம், பீகார், உத்தரப் பிரதேசம் போன்ற தொலைவான மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். சிகிச்சை முடிந்து அவர்கள் நெடுந்தூரம் ரயிலில் பயணம் செய்து ஊர் சேருகின்றனர். மறுமுறை அறுவை நிபுணரைக் காணும்வரை நோயாளியைக் கவனிப்பவர் வீட்டாரே. அவர்கள் எதைப் பார்க்க வேண்டும், எதை எழுத வேண்டும், எழுதியதை எவ்வாறு பொருள்கொள்ள வேண்டும் என்பதை இங்கு விளக்குவோம்.

எஞ்சிய நுரையீரலின் ஆற்றல்

நுரையீரலில் ஒரு பகுதியை இழந்தவர் பழையபடி நடமாட முடியுமா என்னும் ஐயம் எழுவது இயல்பே. இதற்கு விடை நுரையீரலின் அமைப்பிலேயே உள்ளது. வலது நுரையீரல் மூன்று மடல்களையும், இடது நுரையீரல் இரண்டு மடல்களையும் உடையது. இவற்றில் 30 கோடிக்கும் மேற்பட்ட நுண்ணிய காற்றறைகள் உள்ளன. இவை அனைத்தையும் விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் இடத்தை அடைக்கும். ஓய்வாக அமர்ந்திருக்கும்போது இதில் சிறு பங்கே தேவைப்படுகிறது. எஞ்சியது ஓட்டத்துக்கும் உழைப்புக்குமான சேமிப்பாகும்.

இச்சேமிப்பின் வலிமையை உலகுக்கு எடுத்துக்காட்டிய நிகழ்ச்சி 1933ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நடந்தது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் என்னும் அறுவை நிபுணர், புற்றுநோய் கண்ட ஜேம்ஸ் கில்மோர் என்னும் மருத்துவரின் இடது நுரையீரல் முழுவதையும் அகற்றினார். கில்மோர் மீண்டும் தம் மருத்துவத் தொழிலை மேற்கொண்டு, ஒரே நுரையீரலுடன் 1963ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் எர்னஸ்ட் வைண்டருடன் சேர்ந்து வெளியிட்டவரும், தாமே நெடுங்காலம் புகைத்து வந்தவருமான கிரஹாம், 1957ஆம் ஆண்டில் அதே நோயால் காலமானார்.

அறுவைக்குப் பின் எவ்வளவு ஆற்றல் எஞ்சும் என்பதை மருத்துவர்கள் முன்கூட்டியே மதிப்பிடுகின்றனர். இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. நுரையீரல்களை மொத்தம் 19 கூறுகளாகக் கொள்வர். வலது மேல்மடலில் 3, நடுமடலில் 2, கீழ்மடலில் 5. இடது மேல்மடலில் 5, கீழ்மடலில் 4 ஆகிய கூறுகள் உள்ளன. ஒருவர் அறுவைக்கு முன் ஒரு விநாடியில் 2 லிட்டர் காற்றை ஊதி வெளியேற்றக் கூடியவர் என்று கொள்வோம். அவருடைய வலது மேல்மடலை எடுத்தால் 19இல் 16 பங்கு, அதாவது சுமார் 1.7 லிட்டர் எஞ்சும். இடது நுரையீரல் முழுவதையும் எடுத்தால் 19இல் 10 பங்கு, அதாவது சற்றேறக்குறைய ஒரு லிட்டர் எஞ்சும்.

முதல் வாரங்களில் உண்மை நிலை இக்கணக்கைக் காட்டிலும் தாழ்ந்தே இருக்கும். விலா எலும்புகளுக்கிடையே வெட்டப்பட்ட தசைகளும் நரம்புகளும் வலிப்பதால் மார்பு நன்கு விரிவதில்லை. பின்னர் வலி தணிகிறது. எஞ்சிய மடல்கள் விரிந்து, காலியான இடத்தை நிரப்புகின்றன. உதரவிதானம் சற்று மேலேறுகிறது. ஒரு மடலை மட்டும் இழந்தவர் ஆறு மாத முடிவில் ஊதும் ஆற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கையே இழந்திருப்பார். உழைப்புத் திறனோ பெரும்பாலும் பழைய நிலைக்கு அருகில் வந்துவிடும். ஒரு நுரையீரல் முழுவதையும் இழந்தவருக்கு ஊதும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், உழைப்புத் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கும் குறையும். எனவே தேறுதலின் எல்லை ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு. எத்தனை கூறுகள் எடுக்கப்பட்டன என்பதை ஆஸ்பத்திரியிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நலம்.

அறுவையின் முறையும் தேறும் வேகத்தை மாற்றுகிறது. பிரிட்டனில் நடத்தப்பெற்று 2022இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆராய்ச்சியில், மார்பைத் திறந்து அறுவை செய்யப்பட்டவர்களைவிடத் துளைவழி அறுவை செய்துகொண்டவர்கள் ஐந்தாம் வாரத்தில் நல்ல உடலியக்கம் பெற்றிருந்தனர். பக்கத்துப் படுக்கைக்காரர் தேறிய வேகத்தோடு தம் வேகத்தை ஒப்பிட்டு மனம் தளர்வது இக்காரணத்தால் பொருளற்றதாகும். ஒவ்வொருவரும் ஒப்பிட வேண்டியது தம்முடைய சென்ற வாரத்தோடுதான்.

உணர்வு ஏன் போதாது?

‘உடம்பு எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் நோயாளி சொல்லும் விடை பலமுறை உண்மைக்கு மாறாக அமைந்துவிடுகிறது. அவர் வேண்டுமென்று மறைப்பதில்லை. மூச்சு வாங்கும் செயல்களை மனிதன் தன்னை அறியாமலே தவிர்க்கத் தொடங்குகிறான். முதலில் மாடிப்படியை விடுகிறான். அடுத்துத் தெருக்கோடி வரை செல்வதை விடுகிறான். பின்னர் குளியலறைக்கும் படுக்கைக்குமாக நடை சுருங்குகிறது. திணறல் கூடவில்லை என்று அவன் சொல்வது மெய்தான். ஏனெனில் திணறலை உண்டாக்கும் வேலையே குறைந்துவிட்டது. இவ்வாறு மெள்ள மெள்ள நிகழும் சரிவு, உடனிருப்பவர் கண்ணுக்கும் தப்பிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. இருமும்போது தையலில் வலிக்கிறது, சிறிது நடந்தால் களைக்கிறது என்றவுடன் நோய் திரும்பிவிட்டதென்று அஞ்சி, வீட்டார் நோயாளியைப் படுக்கையிலேயே வைத்துவிடுகின்றனர். அன்பினால் செய்யும் இச்செயல் தீங்காகவே முடிகிறது. படுத்தே கிடப்பவரின் கால் தசைகள் விரைவில் மெலிகின்றன. ஒரு மடலை இழந்தவர்களில் பலரை நடையின்போது தடுத்து நிறுத்துவது மூச்சைவிடக் கால் சோர்வே என்று உடற்பயிற்சிச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஓய்வு கூடக் கூடச் சோர்வும் கூடுகிறது. அச்சோர்வே மேலும் ஓய்வுக்குக் காரணமாகிறது.

காலம் கடத்துவதால் மற்றோர் இழப்பும் நேரலாம். சிலருக்கு அறுவைக்குப் பின் மருந்துச் சிகிச்சையும் தேவைப்படும். அதனைப் பெரும்பாலும் 4 முதல் 8 வாரங்களுக்குள் தொடங்குவர். அதற்குள் உடல் போதுமான அளவு தேறாதவருக்கு அம்மருந்தின் பயன் தள்ளிப்போகலாம், கிடைக்காமலும் போகலாம். ஆகவே, தேறுதலைக் கணக்கிடுவது சிகிச்சையின் ஓர் அங்கமே.

நாள்தோறும் எழுத வேண்டியவை

இதற்குப் பெரிய சாதனங்கள் தேவையில்லை. ஒரு குறிப்பேடு, கடிகாரம், உஷ்ணமானி, விரலில் பொருத்தும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், எடை பார்க்கும் யந்திரம் ஆகியவை போதும். குறிப்பேட்டில் நாளொன்றுக்கு ஒரு வரியாக, தினமும் ஒரே நேரத்தில், ஒருவரே எழுதிவருவது சிறந்தது. காலையில் எழுந்து, பத்து நிமிடம் அமைதியாக அமர்ந்தபின் பார்ப்பது நல்ல வழக்கம்.

முதலாவது உஷ்ணம். வலிக்காக உட்கொள்ளும் பாரசிட்டமால் முதலிய மாத்திரைகள் ஜுரத்தையும் மறைத்துவிடும். ஆதலால் மாத்திரைக்கு முன்பே உஷ்ணத்தைப் பார்த்துவிட வேண்டும். இரண்டாவது நாடி. இதனை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணிக்கையோடு, துடிப்பு சீராக உள்ளதா, தாறுமாறாக உள்ளதா என்பதையும் குறிக்க வேண்டும். நுரையீரல் அறுவைக்குப் பின் இருதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது பலருக்கு ஏற்படும் கோளாறாகும். மூன்றாவது சுவாசம். ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவது இயல்பு. எண்ணப்படுவது தெரிந்தால் மூச்சின் வேகம் மாறிவிடுமாதலால், நாடி பார்ப்பது போல் கையைப் பிடித்துக்கொண்டே மூச்சை எண்ணுவது தாதியர் கையாளும் யுக்தி.

நான்காவது இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவு. இதனை ஓய்வில் ஒருமுறையும், நடந்து முடித்தவுடன் ஒருமுறையும் பார்க்க வேண்டும். ஐந்தாவது வலி. வலியே இல்லாததை 0 என்றும், பொறுக்கவொண்ணாததை 10 என்றும் கொண்டு, சும்மா இருக்கையில் எவ்வளவு, இருமுகையில் எவ்வளவு என இரண்டு எண்களை எழுத வேண்டும். இருமல் வலியே முக்கியமானது. வலிக்கு அஞ்சி இருமாதவரின் சளி நுரையீரலிலேயே தங்கி, நிமோனியாவுக்கு இடமளிக்கிறது. வலி மாத்திரையை வலி முற்றும்வரை தள்ளிப்போடாமல் மருத்துவர் குறித்த வேளையில் உட்கொள்வதும், ஒரு தலையணையைக் காயத்தின்மேல் அணைத்துக்கொண்டு இருமுவதும் இதற்குப் பரிகாரம்.

ஆறாவது நடை. அன்று எத்தனை முறை, மொத்தம் எத்தனை நிமிடம் நடந்தார் என்பதையும், அப்போது உண்டான திணறலையும் சேர்த்தே எழுத வேண்டும். சுவீடன் நாட்டு உளவியலறிஞர் குன்னார் போர்க் வகுத்த 0 முதல் 10 வரையிலான அளவுகோல் இதற்கு உலகெங்கும் பயன்படுகிறது. 0 என்பது திணறலே இன்மை. 3 என்பது மிதமான திணறல். 5 என்பது கடுமை. 10 என்பது தாங்கக்கூடியதன் உச்சி. நடக்கும்போது ஒரு வாக்கியத்தை இடையில் நிறுத்தாமல் பேச முடிந்தால் வேகம் சரியானதே. வேலையைக் குறிக்காமல் திணறலை மட்டும் எழுதினால், மேலே கூறியபடி, அந்த எண் ஏமாற்றிவிடும்.

இவற்றோடு, சளியின் நிறத்தையும் காயத்தின் நிலையையும் ஒரு சொல்லில் குறிக்கலாம். எடையை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். பசி குறைந்து எடை வாரந்தோறும் இறங்குமானால், பருப்பு, பால், முட்டை, மீன் போன்ற புரத உணவு போதவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். பத்தியம் என்ற பெயரில் இவற்றை விலக்குவது தசைகள் மீண்டும் வலுப்பெறுவதைத் தடுக்கும்.

கருவிகள் சொல்வதும் சொல்லாததும்

பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் அடிப்படைத் தத்துவத்தை 1974இல் ஜப்பானியப் பொறியியலறிஞர் டக்குவோ அயோயாகி கண்டறிந்தார். பிராணவாயு ஏற்ற இரத்தமும் ஏற்காத இரத்தமும் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. விரலின் ஒருபுறத்திலிருந்து அவ்விரு ஒளிகளையும் செலுத்தி, மறுபுறம் வந்து சேர்வதை அளந்து, கருவி ஒரு சதவீதத்தைக் காட்டுகிறது. ஆரோக்கியமானவரிடம் இது 95க்கும் 100க்கும் இடையில் இருக்கும்.

ஆனால் கை குளிர்ந்திருந்தாலும், விரலை அசைத்தாலும், நகச்சாயம் பூசியிருந்தாலும் அளவு தவறும். கருமையான தோலில் இக்கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 1990இலும் 2020இலும் வெளியான ஆராய்ச்சிகள் தெரிவித்தன. நம் நாட்டினர் பலருக்கும் இது பொருந்துவதால், 92 என்று காட்டும்போது உண்மை அளவு அதற்கும் கீழே இருக்கலாம். ஆதலால், கருவி காட்டும் எண்ணுக்குத் தனிப்பட்ட மதிப்பைவிட, ஆஸ்பத்திரியை விட்டுவந்த நாளில் இருந்த அளவிலிருந்து எவ்வளவு இறங்கியுள்ளது என்பதற்கே மதிப்பு அதிகம். கையைத் தேய்த்துச் சூடாக்கி, விரலை அசைக்காமல், எண் ஒரு நிலையில் நிற்கும்வரை காத்திருந்து எழுத வேண்டும்.

ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பும் மற்றொரு கருவி, மூன்று பந்துகளைக் கொண்ட மூச்சுப் பயிற்சிக் கருவியாகும். மூன்று பந்துகளும் எழுந்துவிட்டால் நுரையீரல் தேறிவிட்டது என்று பலர் நினைக்கின்றனர். அது சரியன்று. இக்கருவி காற்றின் வேகத்தையே காட்டுகிறது. உள்ளே சென்ற அளவைக் காட்டுவதில்லை. வழக்கமான கருவிகளில் முதல் பந்து எழுவதற்கு விநாடிக்கு 600 மில்லிலிட்டரும், இரண்டாவதும் எழுவதற்கு 900 மில்லிலிட்டரும், மூன்றாவதும் எழுவதற்கு 1200 மில்லிலிட்டரும் தேவை. மூன்று பந்துகளையும் ஒரே விநாடி துள்ளவைப்பவர் 1200 மில்லிலிட்டர் காற்றையே இழுக்கிறார். முதல் பந்தை மட்டும் மூன்று விநாடிகள் மேலே நிறுத்துபவரோ 1800 மில்லிலிட்டர் இழுக்கிறார். நுரையீரலின் அடிப்பகுதி விரிவதற்கு இரண்டாமவருடைய முறையே ஏற்றது. எனவே, குறிப்பேட்டில் எத்தனை பந்து என்பதோடு எத்தனை விநாடி என்பதையும் எழுத வேண்டும். இருமலும் நடையும் இன்றி இக்கருவியை மட்டும் நம்பியிருப்பதும் தகாது.

வாரம் ஒருமுறை செய்யும் சோதனைகள்

அறுவைக்குப் பிந்தைய முதல் பரிசோதனையில் மருத்துவர் அனுமதித்தபின், வாரம் ஒருமுறை மூன்று சிறு சோதனைகளைச் செய்யலாம். அப்போது அருகில் ஒருவர் துணை இருக்க வேண்டும். தலை சுற்றினாலும், மார்பு வலித்தாலும் உடனே நிறுத்திவிட வேண்டும்.

முதல் சோதனை ஆறு நிமிட நடை. ஆஸ்பத்திரிகளில் இதனை 30 மீட்டர் நீளமுள்ள தாழ்வாரத்தில் நடத்துகின்றனர். வீட்டில் மொட்டை மாடியிலோ முற்றத்திலோ 15 மீட்டரை அளந்து இரு முனைகளிலும் அடையாளம் இட்டுக்கொள்ளலாம். ஆறு நிமிடத்தில் அந்நீளத்தை 20 முறை கடந்தால் 300 மீட்டர் ஆகிறது. குறுகிய பாதையில் அடிக்கடி திரும்ப வேண்டியிருப்பதால் தூரம் சற்றுக் குறைவாகவே வரும். ஆகையால் இதனை ஆஸ்பத்திரி அளவோடு ஒப்பிடாமல், அதே இடத்தில் சென்ற வாரம் நடந்த அளவோடு ஒப்பிட வேண்டும். 30 மீட்டர் அளவுக்கு மேற்பட்ட மாற்றமே பொருளுடையதாகக் கருதப்படுகிறது. பத்துப் பதினைந்து மீட்டர் வேறுபாட்டுக்கு மகிழவோ வருந்தவோ வேண்டியதில்லை.

இரண்டாவது சோதனை நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வது. சுவரோடு சாய்த்து வைத்த கைப்பிடியில்லாத நாற்காலியில் அமர்ந்து, கைகளை ஊன்றாமல் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை எழுந்து அமர முடிகிறது என்று எண்ண வேண்டும். நடக்க இடமில்லாத சிறு வீடுகளுக்கு இது மிகவும் ஏற்றது. கால் வலிமையையும் மூச்சையும் ஒருங்கே காட்டுகிறது.

மூன்றாவது சோதனை தோளுக்கானது. வலிக்கு அஞ்சி, அறுவை நடந்த பக்கத்துக் கையைத் தூக்காமல் இருந்தால் தோள்மூட்டு இறுகிவிடும். சுவரை நோக்கி நின்று, விரல்களால் சுவரில் மெள்ள ஏறி, எட்டும் உயரத்தில் சாக்கட்டியால் ஒரு கோடிட்டுத் தேதியை எழுதலாம். கோடு வாரந்தோறும் உயர வேண்டும். இறுதியில் மறு கையின் உயரத்தைத் தொட வேண்டும். எனினும், கையைத் தூக்குவது வேறு, பாரம் தூக்குவது வேறு. 15 லிட்டர் கொள்ளும் குடத்தில் நீர் மட்டுமே 15 கிலோகிராம் எடை உள்ளது. மார்பைத் திறந்து அறுவை செய்துகொண்டவர் ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை இத்தகைய பாரங்களைத் தொடலாகாது.

மாதம் ஒருமுறை திணறலின் படியையும் குறித்து வைக்கலாம். பிரிட்டனின் வேல்ஸ் பகுதிச் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் நோய்களை ஆராய்ந்த காலத்தில் இதற்கென ஐந்து படிகள் வகுக்கப்பட்டன. கடும் உழைப்பில் மட்டும் மூச்சு வாங்குவது முதற்படி. சமதரையில் விரைந்தாலோ மேட்டில் ஏறினாலோ வாங்குவது அடுத்த படி. ஒத்த வயதினருக்குப் பின்தங்குவது மூன்றாம் படி. சுமார் 100 மீட்டர் நடந்து நிற்க நேர்வது நான்காம் படி. உடை மாற்றினாலே வாங்குவது கடைசிப் படி.

எண்களைப் படிக்கும் முறை

எழுதுவதைக் காட்டிலும் எழுதியதைப் படிப்பதே முக்கியம். ஒரு நாளின் எண் அதிகம் சொல்வதில்லை. உறக்கமின்மை, மலச்சிக்கல், விருந்தினர் வருகை ஆகியவற்றால்கூட நடை குறையலாம். ஏழு நாட்களின் நடை நிமிடங்களைக் கூட்டி, வாரத்தின் சராசரியைச் சிவப்பு மையால் எழுதினால் போக்கு விளங்கும்.

பொதுவாக மூன்று வகைப் போக்குகள் காணப்படும். உதாரணமாக, ஒருவருடைய நடையின் நாட்சராசரி முதல் வாரத்தில் 10 நிமிடம், இரண்டாம் வாரத்தில் 16, மூன்றாம் வாரத்தில் 21, நான்காம் வாரத்தில் 27 என உயர்ந்து, திணறலின் எண் 3ஐத் தாண்டாமல் இருக்குமானால், இடையே சில தாழ்ந்த நாட்கள் இருப்பினும் தேறுதல் நல்வழியில் செல்கிறது. இது முதல் வகை.

இரண்டாவது வகையில், சராசரி இரண்டு வாரங்களாக ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது. இதற்கு அவசரம் இல்லை. ஆனால் காரணம் காண வேண்டும். இருமல் வலி எண் குறையாமல் இருந்தால் வலிச் சிகிச்சையை மாற்ற வேண்டியிருக்கலாம். திணறல் குறைவாகவும் கால் சோர்வு மிகுதியாகவும் இருந்தால் நடையைச் சிறு சிறு தவணைகளாகப் பிரித்துக் கூட்ட வேண்டும். முகம் வெளுத்திருந்தால் இரத்தசோகையைச் சோதிக்க வேண்டும். மருந்துச் சிகிச்சை தொடங்கிய வாரங்களில் சராசரி இறங்குவது எதிர்பார்க்கக்கூடியதே. அதனால்தான் அத்தேதிகளை ஓரத்தில் குறித்து வைப்பது அவசியமாகிறது.

மூன்றாவது வகையே மிகுந்த எச்சரிக்கைக்குரியது. நன்கு முன்னேறி வந்தவர் இரண்டு மூன்று நாட்களில் பின்னடைகிறார். நடை பாதியாகக் குறைகிறது. நாடி 80லிருந்து 100ஐத் தாண்டுகிறது. மாலையில் உஷ்ணம் ஏறுகிறது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் சிறியதாகத் தோன்றும். சேர்த்துப் பார்த்தால், நிமோனியா, மார்புக் குழியில் சீழ், நுரையீரலை அடைந்த இரத்தக்கட்டி, தைத்து மூடிய மூச்சுக்குழல் முனை திறந்துகொள்ளுதல் ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கக்கூடும். முன்னேற்றத்துக்குப் பின் வரும் சரிவு களைப்பால் வந்தது என்று எண்ணி ஒரு வாரம் காத்திருப்பது பெருந்தவறு. அன்றே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கணக்குக்குக் காத்திராத அறிகுறிகள்

சில அறிகுறிகளைக் கண்டால் குறிப்பேட்டைத் தேடவும் வேண்டியதில்லை. திடீரென்று மூச்சுத் திணறல் அல்லது மார்பு வலி உண்டாதல். இருமலில் இரத்தம் வருதல். ஓய்விலேயே நாடி 120ஐத் தாண்டுதல் அல்லது தாறுமாறாகத் துடித்தல். கழுத்திலும் முகத்திலும் தோல் உப்பி, தொட்டால் நொறநொறவென்று இருத்தல். ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலித்தல். பிராணவாயுவின் அளவு மருத்துவர் குறித்த எல்லைக்குக் கீழே நிலைத்துவிடுதல் ஆகியவை உடனடியாக ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டிய நிலைகள். எல்லை எதுவும் குறிக்கப்படாதவர் ஓய்வில் 92க்குக் கீழ் என்பதை அபாயக் குறியாகக் கொள்ளலாம். உஷ்ணம் 100.4 டிகிரி பாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் அளவை எட்டினாலும், காயத்திலிருந்து சீழ் கசிந்தாலும் அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

ஒரு நுரையீரல் முழுவதும் எடுக்கப்பட்டவர் மற்றோர் அறிகுறியையும் அறிந்திருக்க வேண்டும். காலியான மார்புக் குழியில் சில வாரங்களில் நீர் நிரம்புவது இயற்கை. மூச்சுக்குழலின் முனை திறந்துகொண்டால் அந்நீர் நல்ல நுரையீரலுக்குள் பாயும். அப்போது இளஞ்சிவப்பான நீர்த்த சளி இருமலில் ஏராளமாக வரும். உடனே நிமிர்ந்து உட்கார வேண்டும். படுக்க நேர்ந்தால் அறுவை நடந்த பக்கம் கீழே இருக்குமாறு படுக்க வேண்டும். பல மாநிலங்களில் 108 என்ற எண்ணிலும், பொதுவாக 112 என்ற எண்ணிலும் உதவி கோரலாம்.

வீட்டுக் காற்று

நடைக் கணக்கில் ஏற்படும் தாழ்வுக்குச் சில வேளைகளில் உடல் காரணமாக இராது; காற்றே காரணமாக இருக்கும். 2015ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் காற்றின் தரத்தைக் காட்டும் குறியெண் நாள்தோறும் வெளியிடப்பட்டு வருகிறது. அது 200ஐத் தாண்டினால் மோசம் என்றும், 300ஐத் தாண்டினால் மிகவும் மோசம் என்றும், 400ஐத் தாண்டினால் கடுமை என்றும் வகைப்படுத்தப்படுகிறது. டில்லி முதலிய வடநாட்டு நகரங்களில் குளிர்காலத்தில் இவ்வளவு உயர்வது அரிதன்று. அந்நாட்களில் வெளியே நடப்பதை விடுத்து வீட்டினுள்ளேயே நடப்பதும், அன்றைய குறியெண்ணைக் குறிப்பேட்டில் எழுதுவதும் நல்லது. விறகடுப்பு உள்ள வீட்டில் நோயாளியின் படுக்கை சமையலறையை விட்டு விலகியிருக்க வேண்டும்.

புகையிலையை நோயாளி அறவே விட வேண்டும். அவர் முன்னிலையில் வீட்டார் புகைப்பதும் தீதே. விட விரும்புவோருக்கு உதவும் 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண், 2018ஆம் ஆண்டு முதல் சிகரெட்டுப் பெட்டிகளின் மீது அச்சிடப்பட்டு வருகிறது.

குறிப்பேட்டின் எல்லையும் பயனும்

புற்றுநோய் மீண்டும் தோன்றுகிறதா என்பதை இக்குறிப்பேடு முன்கூட்டியே காட்டிவிடாது. எல்லா எண்களும் நன்றாக இருக்கும்போதே நோய் சிறிய அளவில் திரும்பியிருக்கக்கூடும். அதனைக் கண்டறிவதற்கென்றே முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையும் மார்பை சி.டி. ஸ்கேன் செய்து பார்க்கின்றனர். நன்றாக நடக்கிறார் என்பதற்காக அப்பரிசோதனையைக் கைவிடலாகாது. வறட்டு இருமலும், தையலைச் சுற்றி மரத்துப்போன உணர்ச்சியும் சில மாதங்கள் நீடிப்பதைக் கண்டு அளவுக்கு மீறி அஞ்சவும் வேண்டியதில்லை. வலி மூன்று மாதத்துக்கு மேலும் குறையாவிடில், அதற்கெனத் தனிச் சிகிச்சை உண்டு.

தொலைவிலுள்ள அறுவை நிபுணரிடம் தொலைபேசியில் பேசும்போது, ‘இரண்டு நாளாக ஒரு மாதிரியாக இருக்கிறது’ என்று சொன்னால் அவரால் யாதொரு முடிவுக்கும் வர இயலாது. ‘அறுவை முடிந்து 24 நாள் ஆகிறது, சென்ற வாரம் நாளொன்றுக்கு 25 நிமிடம் நடந்தவர் இரண்டு நாளாகப் 10 நிமிடமே நடக்கிறார், நாடி 84லிருந்து 106 ஆகியுள்ளது, மாத்திரைக்கு முன் உஷ்ணம் 100.6’ என்று படித்துக் காட்டினால், நோயாளி ஊரிலேயே இருந்து மருந்து உட்கொள்ளலாமா, உடனே அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டுமா என்பதை அவர் அப்போதே கூறிவிடலாம். ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படும் நாளிலேயே, அன்றைய நாடி, சுவாசம், பிராணவாயு அளவு, எடை ஆகியவற்றையும், எடுக்கப்பட்ட கூறுகளின் எண்ணிக்கையையும், தொடர்புகொள்ள வேண்டிய தொலைபேசி எண்ணையும் கேட்டு, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். பின்வரும் பக்கங்கள் அனைத்தும் அந்த முதல் பக்கத்தோடு ஒப்பிட்டே படிக்கப்படும்.